தெற்கே திரும்பினால்

இன்னும் வரவில்லை. வந்தால் திரையில் ஊர்ந்துகொண்டிருக்கிற இந்தக் கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் துள்ளும், துள்ளினால் டைட்டஸ் நாற்காலியோடு உருண்டு என் பக்கம் வருவான், அவன் வரவில்லை, எதிர் மேசையில் உட்கார்ந்து நேந்திரங்காய் வற்றல் கொறித்துக்கொண்டிருக்கிறான், இந்த அறையில் இப்போதைக்குப் பெரிய சத்தம் அதுதான். கைபேசி மேசையில் குப்புறக் கிடக்கிறது. நான்தான் கவிழ்த்தேன். நிமிர்ந்து கிடந்தால் கண் அதிலேயே போகும், திரையைப் பார்க்கச் சம்பளம் கொடுக்கிறார்கள், கைபேசியைப் பார்ப்பதற்கு இல்லை. ஆனால் கவிழ்த்து வைத்தாலும் கண் அதன் முதுகுக்குப் போகிறது. வெளியே வெயில். பெங்களூர் வெயிலை வெயில் என்று சொல்லவே எனக்குக் கூச்சம், வள்ளியூர்க்காரிக்கு இதெல்லாம் நிலா. சன்னல் திரையை யாரோ பாதி இறக்கிவிட்டிருக்கிறார்கள், மீதிப் பாதி வழியாக வெளிச்சம் தரையில் கட்டம் போட்டுக் கிடக்கிறது, பார்த்தால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி, இது வருகிற அந்தச் சூரியனிலிருந்துதான் முந்தாநாள் அந்த மேகம் கிளம்பியது என்று யாராவது சொன்னால் நம்ப முடியாது. மேகம் என்று நாங்கள் சொல்கிறோம். மழை மேகம் இல்லை. கொதிக்கிற மின்துகள்கள், அவற்றை வரிந்து கட்டிய காந்தக் கயிறுகள், எல்லாம் சேர்ந்து ஒரு பெரும் பொதி. சூரியன் அதை வீசி எறிந்துவிட்டது. பூமிக்கு முன்னால், பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எங்கள் விண்கலம் நிற்கிறது. பொதி முதலில் அதைத் தொடும், பிறகு நம்மை. தொடும்போது நான் இந்த நாற்காலியில் இருக்க வேண்டும். இன்று அதற்குத்தான் வந்திருக்கிறேன். வேறெங்கும் போகாமல் இதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பார்க்க முடிகிறது, அதுதான் கொடுமை. கிளம்பியதைப் பார்த்தோம். விண்கலத்தில் ஒரு தொலைநோக்கி, அதன் முன்னால் ஒரு சின்ன வட்டத் தகடு, சூரியனின் முகத்தை அந்தத் தகடு மறைத்துவிடும், மறைத்தால்தான் முகத்தைச் சுற்றியிருக்கிற மெல்லிய வளிமண்டலம் தெரியும், இல்லாவிட்டால் வெளிச்சமே வெளிச்சத்தைத் தின்றுவிடும். அந்த வளிமண்டலத்துக்குக் கரோனா என்று பெயர். எத்தனையோ வருடமாக அதுதான் பெயர். ஆனால் ஊரே வாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்த காலத்தில் ஆவுடை அத்தை, அப்பாவின் அக்கா, தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள், எங்க பேச்சி பெங்களூர்ல கரோனா ஆராய்ச்சிதான் பண்ணுதா, ஊசி கண்டுபிடிச்சதே அவதான். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டே, தன்னடக்கம் பாரு பிள்ளைக்கு, என்றாள். அப்பா கட்டிலில் கிடந்து சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிக்க மூச்சு இருந்தது. முந்தாநாள் படத்தில் அந்தத் தகட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு வெளிச்ச வளையம் விரிந்தது. ஒரு பக்கமாகப் போனால் கவலையில்லை, நம்மைத் தாண்டிப் போய்விடும். எல்லாப் பக்கமும் விரிந்தால் நேரே நம்மைப் பார்த்து வருகிறது என்று அர்த்தம். எதிரே வருகிற பஸ் பக்கவாட்டில் நகராது, பெரிதாகிக்கொண்டே மட்டும்தான் வரும். எவ்வளவு பெரியது என்று தெரியும், எவ்வளவு வேகம் என்று தெரியும், எப்போது வரும் என்று ஏறக்குறையத் தெரியும். என்ன செய்யும் என்று மட்டும் தெரியாது. அது வந்து தொட்டால்தான் தெரியும்.

என்ன செய்யும் என்பது ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. மேகத்துக்குள் இருக்கிற காந்தம் வடக்கே பார்த்து நிற்கிறதா, தெற்கே பார்த்து நிற்கிறதா. வடக்கு என்றால் பூமியின் காந்தக் கூடு அதை வாசலிலேயே நிறுத்திவிடும், மேகம் இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். தெற்கு என்றால் பூமியின் காந்தத்துக்கு எதிர்ப்பக்கம், எதிரும் எதிரும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் கதவு திறக்கும். பிறகு செயற்கைக்கோள், விமானத்து வானொலி, நீளநீளமான மின்கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொல்லை. நம் நாட்டுப் பக்கம் இதனால் ஊர் இருண்டதாகச் சரித்திரம் இல்லை, துருவத்துப் பக்கம்தான் அதெல்லாம், எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல வேண்டியது என் வேலை. மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்புகிற கட்டுப்பாட்டு அறையில் வைத்தியலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார், நேரில் பார்த்ததில்லை, குரல்தான், தொண்டையில் எப்போதும் ஒரு செருமல். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதேபோல ஒரு மேகம் வந்தபோது நான் அவரைக் கூப்பிட்டேன். பழுதுபார்க்க நிறுத்தியிருந்த கம்பிகளையெல்லாம் அவர் அவசரமாக இணைக்கச் சொன்னார், ஆட்களை விடுப்பிலிருந்து வரவழைத்தார், கடைசியில் மேகம் வடக்கே பார்த்தபடி வந்து, வடக்கே பார்த்தபடியே போய்விட்டது. மறுநாள் அவரே கூப்பிட்டார். "மேடம், புலி வருது புலி வருதுன்னு நீங்க சொல்றீங்க, நான் போய் மேல சொல்றேன், அவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. இனிமே உறுதியாத் தெரிஞ்சா மட்டும் கூப்பிடுங்க. சும்மா சும்மா வேண்டாம்." உறுதியாக. எப்படி உறுதியாக. தொட்ட பிறகு நமக்கு மிச்சம் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. சரி சார் என்றேன். எனக்கு ரோஷம், அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

யாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறோமோ அங்கே திருப்பிக் கொடுக்க முடியாது, இளைத்தவன் தலையில்தான் இறங்கும். என் தம்பி சுடலை. ஊரில் சாமியானா, பெஞ்சு, பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறான், அப்பாவை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அப்பாவுக்கு நுரையீரல் கல்லாகிக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கட்டிலோரம் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று இரவு பகலாக ஓடுகிறது. சுடலை போனில் பேசினால் பின்னால் அது பெருமூச்சு விடுவது கேட்கும், புஸ்ஸென்று விட்டு ஒரு கணம் யோசித்துவிட்டு மறுபடி புஸ். ஐப்பசியில் ஒரு நாள், "அக்கா, அப்பாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது, ஒடனே கிளம்பி வா" என்றான். அழுதுகொண்டே பஸ் ஏறிப் போய் இறங்கினால் அப்பா சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். "ஏட்டி, எதுக்கு வந்த? வேலையை விட்டுத் தூக்கிட்டானா?" பொங்கல் கழித்து மறுபடி கூப்பிட்டான், மறுபடி ஓடினேன், மறுபடி அப்பா தெளிந்துவிட்டார், நான் பாதியில் விட்டுப் போன வேலையை டைட்டஸ் தனியாகச் செய்து ஒரு பிழை விட்டு, அதற்கு நான் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றேன். போன வாரம் மூன்றாவது தடவையாகச் சுடலை, "அக்கா, ஆள் ஒரு மாதிரியா இருக்கு..." என்று ஆரம்பித்தபோது, வைத்தியலிங்கத்தின் வாக்கியம் அப்படியே, செருமல் மட்டும் இல்லாமல், என் வாயிலிருந்து வந்தது. "சுடலை, உறுதியாத் தெரிஞ்சா மட்டும் சொல்லு. சும்மா சும்மா கூப்பிடாத. வேலை நேரத்துல போன் அடிக்காத, மெசேஜ் போடு." அவன் சரிக்கா என்றான். நான் வைத்தியலிங்கத்திடம் சொன்ன அதே சரி. அதற்குப் பிறகு அவன் தானாகக் கூப்பிடுவதே இல்லை. ராத்திரி நான் கூப்பிட்டால், இருக்காருக்கா, என்கிறான், அவ்வளவுதான்.

அவனுக்கு எப்போதுமே பேச்சு குறைச்சல்தான். அதிலும் சில வார்த்தைகள் அவன் வாயில் வரவே வராது. தொழில் அப்படி. கடைக்கு வந்து நிற்கிறவனிடம் யார் செத்தது என்று கேட்கக் கூடாது, நல்லதுக்கா மற்றதுக்கா என்றுதான் கேட்க வேண்டும், ஆள் முகத்தைப் பார்த்து அதையும் கேட்காமல் விடுவதுதான் கெட்டிக்காரத்தனம். மேலத் தெருவில் யாராவது போய்விட்டால் சுடலை வீட்டில் வந்து, "வாத்தியார் வீட்டுல ரெண்டு பெஞ்சு கேட்டிருக்காவ" என்பான். ரெண்டு பெஞ்சு. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை, அப்போதும் சொல்லவில்லை, பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று என் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். எதற்கு இப்போது இது. கோடுகளைப் பார். கோடுகள் ஊர்கின்றன. நேற்று ராத்திரி பேசியது என்ன, கட்டில். கட்டிலைப் பற்றித்தான் பேசினோம். மிஷினுக்கான பிளக் வடக்குச் சுவரில் இருக்கிறது, மிஷினின் குழாய் குட்டை, அதனால் அப்பா தலை வடக்கே. ஆவுடை அத்தைக்கு அது பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி என்னிடம் பாடினாள், உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு. "பெத்த அப்பனை இப்படி வடக்க தலை வச்சுப் போட்டிருக்கியளே, வெளங்குமா? நீ காந்தம் படிச்சவதானே, நீ சொல்லேன் உன் தம்பிட்ட. காந்தம் இழுக்கும்லா ரத்தத்தை?" எனக்கு எரிச்சல். இந்தக் காந்தக் கதையைச் சொல்லாத உறவுக்காரர் கிடையாது. அத்தை, பூமியோட காந்தம் ஒரு ஊசியைத் திருப்பத்தான் காணும், ஆளை ஒண்ணும் செய்யாது, நம்ம ஊர்ப் பக்கம் அந்த ஊசிகூடச் சாயாம மட்டமா நிக்கும், சும்மா இருங்க, என்றேன். சுடலை போனை வாங்கி, "ஒரு நீள ஒயர் வாங்கி மாத்திட்டாப் போச்சு, விடுக்கா" என்றான். போனை வைத்த பிறகு நான் என் கட்டிலைப் பார்த்தேன். தலையணை கிழக்கே இருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த அன்றே, காந்தம் படித்த நானே, திசை பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

இங்கே, இந்தத் திரையில், எல்லாம் தலைகீழ். இங்கே வடக்கு என்றால் நிம்மதி, தெற்கு என்றால் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மூளை இதை ஒப்புக்கொள்ள நாளாயிற்று. வீட்டில் வடக்கு சாவு, தெற்கு ஆயுள். தெற்கும் முழுசாக நல்லது இல்லை, எமனுக்கு அதுதான் திசை, முன்னோர் இருப்பதும் அங்கேதான், போய்விட்டவர்களைக் கிடத்துவதும்... கோடுகளைப் பார். விண்கலத்திலிருந்து ஒரு நீளக் கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நுனியில் ஒரு காந்த உணர்கருவி, நடுவில் இன்னொன்று. ஒன்று போதாதா என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். போதாது, விண்கலத்துக்கே கொஞ்சம் காந்தம் உண்டு, அதன் வயிற்றுக்குள் ஓடுகிற மின்சாரத்தால். ஒரு நடுக்கம் வந்தால் அது சூரியனுடையதா, நம்முடையதா என்று தெரிய வேண்டும். சூரியனுடையது என்றால் இரண்டும் ஒரே அளவு காட்டும். நம்முடையது என்றால் கலத்துக்குக் கிட்டே, உள்பக்கம் இருப்பது கூடுதலாக நடுங்கும். எனக்கு அப்படி இரண்டு கருவி கிடையாது. காலையில் குளிக்கும்போது திடீரென்று நெஞ்சு அடைத்தது, ஊரில் ஏதோ ஆகிவிட்டது என்று, அது வெளியிலிருந்து வந்ததா, நானே உண்டாக்கினதா, எதை வைத்துப் பிரிப்பது. அப்பா மின்வாரியத்தில் கம்பியாளாக இருந்தவர். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் உள்ளங்கையால் தொடாதே, புறங்கையால் தொடு, உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும், விடாது, என்பார். பழக்க தோஷம், எங்களுக்குக் காய்ச்சல் என்றாலும் புறங்கையால்தான் நெற்றியைத் தொடுவார். சொரசொரவென்று விரல்முட்டி எலும்பு. ஒரு கணம் வைத்துவிட்டு, "இருக்கு" என்பார், அல்லது "இல்ல". வேறு பேச்சு கிடையாது. அந்த எலும்பு இப்போது தோலுக்கு மேலேயே வந்துவிட்டது, பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன்.

"மேடம்." டைட்டஸ் உருண்டு வருகிறான். வந்துவிட்டது. நாலு கோடும் சுவரில் முட்டிய மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன, வேகம் எகிறுகிறது, துகள்களின் அடர்த்தி எகிறுகிறது, காந்தக் கோடு மேலும் கீழுமாகப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆடுகிறது. இரண்டு கருவியும் ஒரே அளவு. நம்முடையது இல்லை. சூரியனுடையதேதான். மேகத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வரப்படுகிற குப்பை இது, மேகம் இதற்குப் பின்னால், இந்த ஆட்டத்தை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது. கை போன் பக்கம் போகிறது, ஆபீஸ் போன். வைத்தியலிங்கம். உறுதியாத் தெரிஞ்சா மட்டும். கையை எடுத்துக்கொள்கிறேன். ஆட்டம் அடங்குகிறது. அடங்கி, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, கோடு மேலே ஏறி நிற்கிறது. மேலே என்றால் வடக்கு. டைட்டஸ் கை தட்டுகிறான். "வடக்கு மேடம்! தப்பிச்சோம். வைத்தியலிங்கம் சார் புலியக் கட்டிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கட்டும்." கூப்பிடாதது நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். நினைத்ததும் ஒரு சின்ன வெட்கம். ஆனாலும் உடம்பு லேசாகிவிட்டது, காலையிலிருந்து முதல் தடவையாக முதுகை நாற்காலியில் சாய்க்கிறேன். அந்தச் சாய்ந்த கையோடுதான் கைபேசியை நிமிர்த்தினேன்.

சுடலையிடமிருந்து ஒரு மெசேஜ். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்திருக்கிறது, கோடு துள்ளிய சமயமாக இருக்கும். "அக்கா, அப்பாவ தெக்க தலை வச்சு படுக்க வச்சாச்சு." அவ்வளவுதான். நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன் போல, டைட்டஸ் திரும்பிப் பார்த்தான். அத்தை சாதித்துவிட்டாள், ஒயர் வாங்கிவிட்டான், கட்டிலைத் திருப்பிவிட்டார்கள். இங்கே வடக்கு, அங்கே தெற்கு, இரண்டு பக்கமும் நல்ல செய்தி ஒரே நேரத்தில். எனக்குத் தாராளம் வந்துவிட்டது. அறிவியல் கிடக்கட்டும், அத்தை மனசு குளிரட்டும், தம்பியிடமும் ஒரு வாரமாக மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை. "ரொம்ப நல்லது. இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்று அடித்து அனுப்பினேன். ஒரு டிக், இரண்டு டிக், நீலம். பார்த்துவிட்டான். பதில் இல்லை. பதில் போடுகிற ஆளா அவன். டைட்டஸ் சாப்பிடப் போகலாம் என்றான், நீ போ, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன், அவன் எனக்குத் தயிர்சாதப் பொட்டலம் வாங்கி வந்து வைத்தான். ஊறுகாய் சின்னப் பிளாஸ்டிக் உறையில், பல்லால் கடித்துத் திறக்க வேண்டும், அதைக் கடித்துக்கொண்டே அந்த மெசேஜை இன்னொரு தடவை படித்தேன். வச்சாச்சு. கட்டிலைத் திருப்பியாச்சு என்று ஏன் எழுதவில்லை. அப்பாவை என்று எழுதியிருக்கிறான். கட்டிலில்தானே அப்பா இருக்கிறார், கட்டிலைத் திருப்பினால் அப்பாவும் திரும்புவார், அதைத்தான் சொல்கிறான், வேறென்ன. ஊறுகாய் காரம். தண்ணீர் குடித்தேன்.

கூப்பிட்டுக் கேட்டால் முடிந்தது. ஏன் கூப்பிடவில்லை. வேலை இருக்கிறது, மேகம் இன்னும் கடந்து போகவில்லை, முழுசாகக் கடக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது. அதுவும் உண்மைதான். அத்தையாவது கூப்பிட்டிருப்பாளே, ஏதாவது என்றால் அவள் ஒப்பாரி பெங்களூருக்குப் போன் இல்லாமலே கேட்குமே, கேட்கவில்லை, அப்படியானால் ஒன்றுமில்லை. படுக்க வச்சாச்சு. உட்கார்ந்திருந்தவரையா படுக்க வைத்தான். அவர் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், மூன்று தலையணை வேண்டும், அவரை எப்படிப் படுக்க வைத்தான். ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். சுடலைக்கு எழுத்து வராது, எட்டாம் வகுப்பில் கட்டுரைக்கு மூன்று வரி எழுதி அடி வாங்கினவன். அம்மாவைக் கூடத்தில் எந்தப் பக்கம் கிடத்தியிருந்தார்கள். எனக்கு நினைவில்லை. புத்தகப் பை நினைவிருக்கிறது, வாசலில் பெஞ்சு நினைவிருக்கிறது, விளக்கு எங்கே வைத்திருந்தார்கள், தலைமாட்டில், தலைமாடு எந்தப் பக்கம், சமையலறை நிலைப்படிக்கு எதிர்ப்பக்கம், சமையலறை வடக்கே, அப்படியானால். "மேடம், கோடு இறங்குதே." டைட்டஸ் குரலில் வற்றல் இல்லை. பார்க்கிறேன். மேலே நின்ற கோடு மெல்ல, அவசரமே இல்லாமல், சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. மேகத்துக்குள் காந்தம் கயிறு மாதிரி முறுக்கிக் கிடக்கும், முதல் பாதியில் வடக்கு என்றால் பின்பாதியில் தெற்கே திரும்பலாம், புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். இன்றைக்கு அந்த நல்ல செய்தியில் மறந்துபோனேன். கோடு நடுவைத் தொட்டது. தொட்டு, கீழே போனது. உள்கருவி, வெளிக்கருவி, இரண்டும் ஒரே அளவு.

ஆபீஸ் போனை எடுத்தேன். செருமல். "சொல்லுங்க மேடம்." தெற்கே திரும்புது சார், என்றேன். இன்னும் ஆழமாப் போகும்னு தோணுது. "தோணுதா, உறுதியா?" எனக்குள் ஏதோ அறுந்தது. "உறுதியாத் தெரியணும்னா அது உங்க கம்பிக்கு வந்து சேர்ற வரைக்கும் நான் உக்காந்திருக்கணும் சார். அப்புறம் நான் எதுக்கு? நடுங்குது, நான் சொல்றேன். கேக்கறதும் சிரிக்கறதும் உங்க இஷ்டம். நாளைக்கும் சந்தேகம் வந்தா நாளைக்கும் கூப்பிடுவேன்." அந்தப் பக்கம் ஒரு செருமல். பிறகு வைத்தியலிங்கம், கோபமில்லாமல், "சரிம்மா, கம்பியெல்லாம் இணைக்கச் சொல்றேன். நீங்க சொல்லிட்டே இருங்க" என்றார். இவ்வளவுதானா. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது இவ்வளவு லேசாகவா எடுபடும். போனை வைத்தேன். டைட்டஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், என் குரல் உயர்ந்து அவன் கேட்டதில்லை. இதே வார்த்தையைச் சுடலையிடமும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சந்தேகம் வந்தாலே கூப்பிடுடா, நூறு தடவை கூப்பிடு, நூறு தடவையும் வருவேன், அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தால் குடிக்கட்டும், வேலையை விட்டுத் தூக்கிட்டானா என்று நூறு தடவை கேட்கட்டும். கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். விரல் அவன் பெயர் மேல் நின்றது. உள்ளங்கையால் தொடாதே. அழுத்தினேன்.

மணி ஒரு தடவை முழுசாக அடிக்கும் முன்னால் எடுத்துவிட்டான். "அக்கா." பின்னால் இரும்புக் கம்பி விழுகிற சத்தம், யாரோ கயிற்றை இழுத்துக் கட்டச் சொல்கிற சத்தம், கடையில் இருக்கிறான் என்று நினைத்தேன். அந்தச் சத்தங்களுக்கு நடுவே நான் இன்னொரு சத்தத்தைத் தேடினேன், புஸ்ஸென்று விட்டு, யோசித்து, மறுபடி புஸ். "சுடலை, மிஷின் சத்தம் கேக்கலையேடா. கரண்ட் போயிட்டா?" என்றேன். நான் கொண்டுவந்த பேச்சு எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையில் நின்றது. "கரண்ட் இருக்குக்கா" என்றான். "மிஷினை நிப்பாட்டியாச்சு." வராந்தாவில் வெயில் கட்டம் போட்டுக் கிடந்தது. "பஸ்ஸு கெடச்சுதா? ஐஸ் பெட்டி சொல்லியிருக்கேன், நீ வார வரைக்கும் வச்சிருப்போம். நீ நல்லதுன்னு போட்டிருந்தேல்லா, அதை நான் யாருக்கும் காட்டல. வேலை மும்முரத்துல வெளங்காமப் போட்டிருப்பன்னு தெரியும்." ஏண்டா, என்றேன். நேத்தே தெரிஞ்சிருக்குமே, ஏண்டா முன்னாலேயே சொல்லலை. கம்பி ஒன்று விழுந்தது. அவன் ஏதோ தன் மேல் தப்பு மாதிரி தணிந்த குரலில் சொன்னான்: "நீதானக்கா உறுதியாத் தெரிஞ்சா மட்டும் சொல்லுன்ன. உறுதியாத் தெரிஞ்ச பொறவுதான் அனுப்புனேன்."